வெள்ளை வட்டம் போட்டவர்

காமயகவுண்டன்பட்டியில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து என் வீடு வரை சாலையில் நாற்பத்தொரு குழிகள். ஏழாவதில் விழுந்த பிறகுதான் கைத்தடி வாங்கினேன். குழிகளை மூடச் சொல்லி பேரூராட்சிக்குப் பத்தொன்பது மனு எழுதியிருக்கிறேன்.

சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவ வரும் ஊழியர், முழங்கை வரை வெளுத்த கையோடு, மிஞ்சிய பவுடரால் ஒவ்வொரு குழியையும் சுற்றி வட்டம் போடுவார்.

“குழிய மூடாம கோலம் போடுறியேப்பா?” என்று கேட்டேன்.

“மூட ஆர்டர் இல்லய்யா, தூவத்தான் ஆர்டர். இனிமே பாத்து நடப்பீகள்ல?”

அதன்பின் நான் விழவில்லை. ஆனால், வட்டங்களால் குழிகள் எல்லார் கண்ணிலும் படுகின்றன என்று அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இருபதாவது மனுவில் குழிகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவரைத் திருப்பி அனுப்பும்படி மட்டும் கேட்டிருக்கிறேன்.