வெள்ளையாக விட்ட வட்டம்

யாரைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது இமையின் விளிம்பைத்தான். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர், புனே கேம்ப் கடைத்தெருவில் துணி கிழித்துக் கொடுக்கும் கடைக்காரர், கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டும் பெண், யாராக இருந்தாலும் சரி. முடி வெளியே பார்த்து நிற்கிறதா, உள்ளே மடங்கியிருக்கிறதா, பிடுங்கிப் பிடுங்கி மொட்டையாகிவிட்டதா என்று என் கண் தானாக மேயும். "அப்படி என்னத்தைத் தேடுறே? பாக்குறவங்க பயந்துக்கறாங்க" என்று என் கணவர் கடிந்துகொள்வார். தொழில் புத்தி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். தொழில் புத்தியாவது மண்ணாவது. ஒரு நாள் பார்க்காமல் விட்டதற்கு அப்புறம் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. படம் வரைகிறவள். அப்பாவுக்குத் தாபோடியில் இராணுவக் கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேதான். கட்டடம் வரையும் ஆசையில் டிராஃப்ட்ஸ்மன் படிப்பு படித்தேன். கட்டடம் வரைய யாரும் கூப்பிடவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், கேம்பில் ஒரு மாடியில் இருந்த சின்ன அலுவலகம், வரைபடம் போட ஆள் வேண்டும் என்றது. கண் நோய் வரைபடம் என்றார்கள். கண்ணுக்கு எதற்கு வரைபடம் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மராத்தியில் அந்த நோய்க்குக் குப்ரி என்று பெயர். குழந்தைகளுக்கு மேல் இமையின் உள்பக்கத்தில் ஜவ்வரிசி போலப் பொரிப்பொரியாக வரும். ஆறும், மறுபடி வரும். இப்படியே வருடக்கணக்கில் வந்து போனால் உள்ளே தழும்பு விழுந்து இமை சுருங்கி உள்பக்கம் மடங்கிவிடும். இமைமுடி கருவிழியில் உரசத் தொடங்கும். ஒவ்வொரு தடவை கண்ணை மூடித் திறக்கும்போதும் ஒரு உரசல். உரசி உரசிக் கடைசியில் கருவிழி வெளுத்துப் பார்வை போய்விடும். வெளுப்பதற்கு முன்னால் இமையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்துவிட்டால் கண்ணைக் காப்பாற்றலாம். எந்த ஊரில் யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்து வருவார்கள். ஊருக்கு ஒரு வட்டம் போட்டு, அதை நான் வரைபடத்தில் வண்ணமாகத் தீட்டுவேன். இரண்டு தாள்கள்: ஒன்று குழந்தைகளின் பொரிக்கு, இன்னொன்று பெரியவர்களின் மடங்கிய இமைக்கு. முதல் தாளில் வண்ணம் விழுந்த ஊருக்குக் களிம்பு போகும். இரண்டாம் தாளில் விழுந்த ஊருக்கு ஆபரேஷன் முகாம் போகும். வெள்ளையாக இருக்கும் ஊருக்கு எதுவும் போகாது.

களத்துக்குப் போவது என் வேலையில்லை. ஆனால் தளேகாவுக்கு அப்பால் ஒரு கல் குவாரியில் தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் இருந்தன. கணக்கெடுக்கிறவர்களில் தமிழ் தெரிந்தவர் இல்லை. என்னைப் போகச் சொன்னார்கள். மேசையை விட்டு ஒரு நாள் விடுதலை, அதுவும் ஜீப்பில். புது சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினேன், கல் குவாரிக்கு!

முந்தின நாள் சாயங்காலம் கண் பரிசோதகர் எனக்குப் பாடம் எடுத்தார். மராத்திக்காரர், சிடுமூஞ்சி, ஆனால் வேலையில் சுத்தம். இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: இமைமுடி உரசும் வலி தாங்காமல் பெண்கள் அதைப் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கிய கண் பார்க்கச் சுத்தமாகத் தெரியும், அதனால் ஒவ்வொருத்தியிடமும் "பிடுங்குவியா?" என்று கேட்க வேண்டும். பிடுங்குகிறவளுக்கு நோய் இருக்கிறது என்றே எழுத வேண்டும். இரண்டு: கேட்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். இந்தக் காகிதத்தை நம்மைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள், முதலாளியும் பார்க்க மாட்டான், ஆபரேஷன் இலவசம், கால் மணி நேரம்தான் ஆகும் என்று. "இதைச் சொல்லாமல் எதையும் கேட்காதீங்க மேடம்" என்று இந்தியில் இரண்டு தடவை சொன்னார். நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டுக்கொண்டேன்.

குவாரியில் கல் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. நீலத் தார்ப்பாய் போட்ட குடிசைகள், எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. முதல் மூன்று குடிசைகளில் அந்தப் பேச்சை முழுதாகப் பேசினேன். நாலாவதில் பாதி. அப்புறம் "கண்ணு பாக்க வந்திருக்கோம், பயப்படாதீங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். தொண்டை வறண்டது. நான் தமிழில் என்ன சொல்கிறேன் என்று பரிசோதகருக்குத் தெரியாது. உதடு அசைந்தால் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். கவிழ்த்த இரும்புச் சட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எட்டு வயது மகள், கண்ணெல்லாம் பீளை. நான் வாயைத் திறந்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"நீங்க தமிழா? இந்திக்காரி தமிழு பேசுற மாதிரி இல்ல இருக்குது!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பரிசோதகர் மகளின் இமையைத் திருப்பிப் பார்த்து, பொரி இருக்கிறது என்றார், எழுதினேன். பிறகு அம்மாவின் கண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்தார். முடி எதுவும் தொடவில்லை, பிடுங்குகிறாளா என்று கேளுங்கள் என்றார். கேட்டேன். அவள் கழுத்துக் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன முள்வாங்கி தொங்கியது. அதை மெல்ல ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். தண்ணீர் லாரி அருகே முகாதம் நின்றுகொண்டிருந்தான். ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்து வேலை வாங்குகிறவன் அவன். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரிப்பு மாறாமல், என் காதருகே சாய்ந்து சொன்னாள்:

"எழுதிராதீங்க அக்கா. நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் புடுங்குனேன். கண்ணு கெட்டவன்னு தெரிஞ்சா ஜோடியோட அனுப்பிருவான். எம் புருசனுக்கும் வேலை போயிரும். எங்க போறது நாங்க?"

ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் காகிதம் அவனுக்குப் போகாதம்மா, அவ்வளவுதான். சொல்லவில்லை. ஏன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். சொன்னால் அவள் கேள்வி கேட்பாள், அதற்குப் பதில், அப்புறம் இன்னொரு கேள்வி, வெயில், ஜீப்பில் வடாபாவ் ஆறிக்கொண்டிருந்தது. இதெல்லாம் உண்மைதான். இன்னொன்றும் உண்மை, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. புனேயில் நான் எப்போதும் மதராசி. இங்கே ஒருத்தி என்னை அக்கா என்று கூப்பிட்டு, என்னை நம்பி ஒரு உதவி கேட்டாள். நல்ல அக்காவாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. திரும்பிப் பரிசோதகரிடம் "நஹீ" என்றேன். இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

அவளுக்குப் பின்னால் கூடி நின்ற அடுத்த குடிசைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்து எல்லோரும் என் முகத்தையே பார்த்து "இல்லக்கா" என்றார்கள். அவற்றை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அவர்களுக்கு அந்த வழியைக் காட்டியது நான்தான்.

திரும்பும்போது ஜீப்பில் பரிசோதகர் தாள்களைப் புரட்டினார். குழந்தைகளுக்கு இவ்வளவு இருக்கிறது, அம்மாக்களில் ஒருத்திக்குக்கூட இல்லையே என்றார். "எல்லாரையும் கேட்டீங்களா மேடம்?" "கேட்டேன்" என்றேன். கேட்டதென்னவோ நிஜம்.

சில வாரம் கழித்து அந்த வரைபடம் என் மேசைக்கு வந்தது. முதல் தாளில் குவாரி வட்டத்துக்குச் சிவப்பு தீட்டினேன். இரண்டாம் தாளில் அதே வட்டத்தின் மேல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தீட்டினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைய தாள்கள் அத்தனையும் குப்பைக்குப் போகும், நானும் வீட்டுக்குப் போவேன், வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு தயாராக இருந்தது. அடுத்த கணக்கெடுப்பில் தெரிந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த வட்டத்துக்குப் போனேன். வரைபடத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். வந்தவர்களெல்லாம் கோடு எவ்வளவு நேர்த்தி என்று புகழ்ந்தார்கள். நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடிக்கப் பழகினேன்.

ஒரு நாள் தாபோடி ரயில்வே கேட்டில் கண்ணில் தூசி விழுந்தது. வீட்டுக்கு வந்து கழுவும் வரை உயிர் போனது. கழுவியதும் சரியாகிவிட்டது. சரியான பிறகுதான் அவள் ஞாபகம் வந்தது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை கண்ணை மூடித் திறக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அதை ஒரு நாளுக்குப் பெருக்கப் போய், பாதியில் காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் யார் கண்ணைத் தேய்த்தாலும் என் பென்சில் நின்றுவிடும். கண்ணாடி முன்னால் நின்று என் இமையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருத்தி என் எல்லாச் சிமிட்டலிலும் இருந்தாள். ஒரு தடவை துணிந்து லோக்கல் ரயிலில் ஏறித் தளேகாவில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். இந்நேரம் வேறு குவாரிக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். கோழைக்குச் சாக்கு சொல்லியா தர வேண்டும்?

பத்து வருடம் ஓடிப்போனது. வண்ணப் பென்சில் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பழைய பரிசோதகர் ஓய்வு பெற்றுவிட்டார். கல்யாணமாகியும் நான் அந்த வேலையை விடவில்லை. இப்போது தாள் நிரப்பும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவளே நான்தான். "சொல்லாமல் கேட்காதே" என்று நான் கத்துவது மாடிப்படி வரை கேட்கும் என்பார்கள். மறு கணக்கெடுப்புப் பட்டியலில் அந்தக் குவாரி வந்தது. வேறு யாரையும் அனுப்ப வேண்டாம், நானே போகிறேன் என்றேன்.

மலையில் பாதியைக் காணவில்லை. தார்ப்பாய்க் குடிசைகள் தகரக் கொட்டகைகளாகியிருந்தன. என்னோடு வந்த பரிசோதகர் இளம் பெண். மத்தியானச் சாப்பாட்டு நேரம், இயந்திரம் நின்றிருந்தது. ஒரு வாசலில் ஒருத்தி முறத்தில் அரிசியை விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் "வணக்கம்மா" என்றதும் தலையை நிமிர்த்தினாள். இரண்டு கண்ணும் பால் நிறத்தில் வெளுத்திருந்தன.

"புனேலேர்ந்து வந்த அக்காதானே? அந்த இந்திக்காரித் தமிழ மறக்க முடியுமா!"

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க எழுதாம உட்டதாலதான் அக்கா நாங்க பொழச்சோம். இன்னும் ஆறு வருசம் கல்லு தூக்குனேன். பாப்பாவ எட்டாவது வரைக்கும் படிக்க வெச்சேன். கண்ணு அப்புறந்தான் போச்சு. உங்கள நெனைக்காத நாளில்ல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றி சொன்னாள்.

எட்டு வயதுப் பாப்பாவுக்கு இப்போது பதினெட்டு. கல்யாணமாகி, புருஷனோடு ஜோடியாக அதே குவாரியில் வேலை. இளம் பரிசோதகர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, முடி எதுவும் தொடவில்லை என்றாள். விளிம்பைப் பாரேன் என்றேன். நடுவில் முடியே இல்லை, முளைவிட்ட நுனிகள் மட்டும் இருந்தன. இந்த வயதுக்கு வரக் கூடாதது வந்திருந்தது. "புடுங்குவியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள் பாப்பா. அம்மா என் கையை அழுத்தினாள்.

"அக்கா நம்ம ஆளுதான் பாப்பா. அவங்க பாத்துக்குவாங்க."

ஆமாம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனா காகிதத்தில் உரசியது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"இல்லன்னுதானே போட்டீங்க?"

"ஆமான்னு போட்டேன்மா."

அவள் கை என் கையிலிருந்து விலகியது. நான் பேச ஆரம்பித்தேன். இந்தக் காகிதம் முகாதமுக்குப் போகாது, முதலாளிக்கும் போகாது. எங்களைத் தவிர யாரும் பார்க்க முடியாது. கால் மணி நேர ஆபரேஷன், இலவசம், சில நாள் கண்ணில் தூசி படாமல் இருந்தால் போதும், பாப்பாவின் கண் தப்பிக்கும். பாப்பா கேள்விகளாகக் கேட்டாள். வலிக்குமா, மயக்கம் கொடுப்பார்களா, புருஷன் கூட இருக்கலாமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மொத்தமே ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

அம்மா முறத்தில் கை வைத்தபடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தானா அக்கா? அன்னைக்கும் அந்தக் காயிதம் அவனுக்குப் போயிருக்காதா?"

"போயிருக்காதும்மா."

"கண்ணுக்கு ஆப்ரேசனும் பண்ணியிருப்பாங்களா?"

"பண்ணியிருப்பாங்க."

அப்புறம் கோபமே இல்லாத குரலில், வழி கேட்பதுபோலக் கேட்டாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவள் என் பக்கம் இருந்த முகத்தை மகள் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீ போயிப் பண்ணிக்க பாப்பா" என்றாள். அதற்குப் பிறகு முறத்தை மடிக்கு இழுத்து, விரலால் தடவித் தடவி மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள்.