பட்டியலில் ஏறிய தேநீர்

மன்னார்த் தீவு ஒரு பாலைவனம் என்று எங்களுக்கு அறிவித்தவர், கொழும்பிலிருந்து வந்த ஒரு முதலாளி. கடற்கரையை ஒட்டிய மணல்மேட்டில் நாலைந்து கூடாரம் அடித்து, நடுவில் நீச்சல் தடாகம் ஒன்றும் கட்டி, "பாலைவன அனுபவம்" என்று பலகை மாட்டினார். பாலைவனத்தில் நீச்சல் தடாகம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்கக் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்த நான், கொஞ்சம் இங்கிலிஷ் தெரிந்த குற்றத்துக்காக அங்கே வழிகாட்டியானேன். தொப்பி ஒன்றும் தந்தார்கள்.

விருந்தினருக்குக் காட்டவேண்டியவை என்று ஒரு பட்டியல் இருந்தது. பஸ் நிலையத்தில் அட்டைப்பெட்டி தின்று திரியும் கழுதைகள் அதில் "பாலைவன விலங்குகள்". யானைக்கால்போல் பருத்த பெருக்கமரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கவேண்டும். பூநாரை வராத மாதங்களில் கொக்கைக் காட்டி, இளம் பூநாரை என்று சொல்லச் சொன்னார்கள். நானும் வெட்கமில்லாமல் சொன்னேன். மணல்மேட்டில் பலகையில் உட்கார்ந்து சறுக்குவதற்காக விருந்தினர் அரை உலகம் தாண்டிப் பறந்து வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் பனைமட்டையில் சறுக்கியபோது, காற்சட்டை கிழிந்ததென்று அடிதான் வாங்கினார்கள்.

தடாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் எங்கே நிற்கும் என்று முதலாளி கேட்டபோது கை நீட்டிக் காட்டியவன் நான்தான். எங்கள் வீட்டு வளவுக்கும் கூடார முகாமுக்கும் நடுவிலுள்ள பள்ளம் அது. இங்கே கிணறு தோண்டும் எவருக்கும் ஒரு விஷயம் தெரியும். மணலுக்குக் கீழே மழைத்தண்ணீர் ஒரு அடுக்காக நிற்கிறது, அதற்கு அடியில் உப்புத் தண்ணீர். ஒன்றரை ஆள் ஆழத்தோடு நிறுத்திவிட வேண்டும், அள்ளுவதையும் அளவாக அள்ளவேண்டும். அவர்களோ இயந்திரத்தைக் கொண்டுவந்து குழாயை இறக்கிக்கொண்டே போனார்கள். இனிப் போதும் சேர் என்று ஒருதரம் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. கேட்கும்படி நான் சொல்லவுமில்லை. புதுத் தொப்பி போட்டவனுக்கு முதலாளியோடு முரண்டுபிடிக்க மனம் வருமா?

எங்கள் கிணறு என் மனைவிக்குச் சீதனமாக வந்த வளவில் இருக்கிறது. பக்கத்து ஆறு வீட்டுப் பெண்களும் குடிதண்ணீருக்கு அவளிடம்தான் வருவார்கள். மடு மாதா கோயில் பெருநாளுக்குப் போகிறவர்கள் போத்தல்களில் நிரப்பிக்கொண்டு போவார்கள். அவளுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த கோடையில் அந்தத் தண்ணீர் கரித்தது. முதலில் தன் நாக்கில்தான் பிழை என்று நினைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் வருவதை நிறுத்தினார்கள். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முகாமிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவந்து குசினியில் அடுக்கினேன். அவள் ஒன்றையும் தொடவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது கடலின் குணம் என்றார். அவருடைய குழாயிலும் உப்பு ஏறிவிட்டதால் பவுசர் லொறியில் தண்ணீர் எடுப்பிக்கத் தொடங்கியிருந்தார். கையோடு பட்டியலில் "ஊர் வீட்டில் ஒரு தேநீர்" என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார். அந்த ஊர் வீடு என்னுடையது. சரி சேர் என்றுவிட்டு வந்தேன்.

முதலில் வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். எங்கள் உடுப்புக் கொடியைப் படம் எடுத்தார்கள், என் மனைவியின் செருப்பையும் எடுத்தார்கள். நான் போத்தல்களைக் கண்ணால் காட்டினேன். அவள் என் கண்முன்னாலேயே கிணற்றில் ஒரு வாளி அள்ளிவந்து கேத்திலை அடுப்பில் வைத்தாள். அந்தப் பெண் ஒரு மிடறு குடித்தார். முகம் ஒருகணம் சுளித்தது, உடனே சிரித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு என்னிடம் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"தேத்தண்ணிக்கு உப்புப் போடுறது எங்கட வழக்கமோ எண்டு கேக்கிறா."

"ஆர் போட்டதெண்டு சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே இங்கிலிஷ் தெரியும்."

ஒரு வசனம் போதும். அந்த அளவுக்கு இங்கிலிஷ் எனக்குத் தெரியும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, ஓம், பழைய வழக்கம் என்றேன். அவர் கொப்பியை எடுத்து அதை எழுதிக்கொண்டார். நான் தலையாட்டியதை என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த கிழமை "மன்னார் உப்புத் தேநீர்" பட்டியலில் ஏறியது. விருந்தினருக்கு இனி வீட்டுக் கதவு திறவாது என்று மனைவி சொல்லிவிட்டதால், அது இப்போது முகாமிலேயே நடக்கிறது. சமையல்காரர் பவுசரில் வந்த நல்ல தண்ணீரில் தேநீர் போட்டு, அரைக் கரண்டி உப்புக் கலக்குகிறார். அதன் பெருமையை நான் விளக்குகிறேன். முகாமில் இறக்கிய மிச்சத் தண்ணீரைப் பவுசர்காரர் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் வைத்துக் கொடுக்கிறார். அங்கே என் மனைவி பிளாஸ்டிக் கானோடு வரிசையில் நிற்கிறாள், ஒருகாலம் அவளிடம் தண்ணீர் அள்ளிய பெண்களுக்குப் பின்னால்.