மெல்பேர்ணில் ஒரு நோர்வேஜியத் தகப்பனைத் தேடி

2012 ஜூன் மாதம் மெல்பேர்ண் விமான நிலையத்தில் இறங்கியபோது என் கைப்பையில் இரண்டு முக்கியமான சாமான்கள் இருந்தன. ஒன்று, மாமாவின் மகள் சுகந்தியின் வீட்டுக் கலியாணத்துக்கு நான் கொண்டுவந்த சங்கிலி. மற்றது, என் கணவர் எஸ்பென் ஒரு துண்டில் எழுதித் தந்த கடவுச்சொல். சங்கிலி கலியாணப் பொம்பிளைக்கு. கடவுச்சொல், பிராங்ஸ்டனில் இருக்கும் றூத் என்ற பெண்மணி பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க.

நான் யாழ்ப்பாணத்தாள். வாழ்க்கைப்பட்டது ஒஸ்லோவில், ஒரு நோர்வேஜியருக்கு. முந்தைய நத்தார் பண்டிகைக்கு எஸ்பெனின் உறவுக்காரி இங்கர், எச்சில் துப்பி அனுப்பும் டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டி ஒன்றைப் பரிசளித்தாள். அவளும் துப்பினாள், இவரும் துப்பினார். வந்த முடிவில் எஸ்பெனுக்கு நெருங்கிய இரத்த உறவாக நின்றார் அவுஸ்திரேலிய றூத். அவருடைய தகப்பன் நோர்வேயிலிருந்து வந்த கப்பல்காரனாம். பெயர் ஹாரி ஹாவ்கன்.

ஹாவ்கன் என்பது என் மாமனார் ஆர்னவின் பண்ணையின் பெயர், அவர்களுடைய குடும்பப் பெயரும் அதுதான். ஆர்னவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவருடைய தகப்பன் நீல்ஸ் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் மூழ்கித் தாண்டுபோனது என்று வீட்டுக்குச் செய்தி வந்தது. இப்போது முழுக் குடும்பமும் வேறு முடிவுக்கு வந்துவிட்டது: நீல்ஸ் தாழவில்லை, அவுஸ்திரேலியாவில் கரையேறி, ஹாரி என்று பெயரை மாற்றி, இன்னொரு குடும்பம் நடத்தியிருக்கிறார். எழுபத்தாறு வயது ஆர்ன, சுவரில் இருந்த தகப்பனின் படத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். "நீங்களும் ஒருக்கால் பரிசோதித்தால் தெளிவாகத் தெரியும்" என்று எஸ்பென் கேட்டதற்கு, "அந்த மனுசனுக்காக நான் எச்சிலும் துப்பமாட்டேன்" என்றாராம்.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். நோர்வேயில் பண்ணைக் காணி இரத்த வழியில்தான் போகும், அதற்கென்றே பழைய சட்டம் இருக்கிறது. மாமனாருக்கு வயது போகிற நேரத்தில் எங்கிருந்தோ ஒரு தங்கை முளைக்கிறார். காணி என்ற சொல் காதில் விழுந்தால் யாழ்ப்பாணத்தாள் முதலில் வேலியைத்தான் பார்ப்பாள்.

சுகந்தி தானே கார் ஓட்டிவந்து கூட்டிப்போனாள். டண்டினொங்குக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். தாதி வேலை முடித்து நேராக வந்தவள், வழி முழுக்க என் கதையைக் கேட்டாள்.

"மச்சாள், நீர் கலியாணத்துக்கு வந்தனீரோ, வழக்குப் பேச வந்தனீரோ?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப நானும் வாறன். தனிய விட்டா நீர் சண்டை பிடிச்சுப்போட்டுத்தான் வருவீர்."

சனிக்கிழமை காலை டண்டினொங் நிலையத்தில் 901 பஸ் பிடித்தோம். கார் திருத்தும் கடைகள், பண்டகசாலைகள், பிறகு ஒரே மாதிரியான ஓட்டு வீடுகள். குளிர் ஒஸ்லோவின் கால்வாசி கூட இல்லை, ஆனால் வீட்டுக்குள்ளும் அதே குளிர் இருப்பதை இந்த நாட்டுக்காரர் எப்படிப் பொறுக்கிறார்களோ தெரியாது. சாரதி, "இந்தக் குளிரில் கடல் பார்க்கவா போகிறீர்கள்?" என்று கேட்டார். சொந்தக்காரரைப் பார்க்க என்றோம். "அப்படியென்றால் கடலே நல்லது" என்றார்.

றூத்தின் பலகை வீட்டு வாசலில் அவருடைய மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாற்பது வயதிருக்கும். வணக்கம் சொல்லுமுன்பே, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றான். நான் கேட்கவேண்டிய கேள்வியை அவன் கேட்டதில் எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னால் வந்த றூத் சிரித்தார். "நீங்கள் வீட்டில் பங்கு கேட்க வந்திருக்கிறீர்கள் என்று இவனுக்குப் பயம்." எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தேநீர் வந்தது. எப்போதோ இறந்துபோன தகப்பனைப் பற்றிக் கேட்டேன். நோர்வேயில் தனக்கு ஒருவரும் இல்லை என்பாராம், அதற்கு மேல் வாயே திறக்கமாட்டாராம். ஒருவரும் இல்லாதவன் எதற்கு வாயை மூடவேண்டும்? என் சந்தேகம் ஒரு முழம் வளர்ந்தது. படம் காட்டினார். தாடி வைத்த கிழவர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நீல்ஸாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருடமாகியும் வெள்ளைக்காரக் கிழவர்கள் எனக்கு ஒரே அச்சுத்தான்.

அதுவரை பிஸ்கட்டில் கவனமாக இருந்த சுகந்தி தமிழில் கேட்டாள்:

"அது கிடக்கட்டும் மச்சாள். இந்த மனுசி உம்மட மாமனாருக்குத் தகப்பன் வழியோ, தாய் வழியோ?"

எனக்குச் சுரீரென்றது. இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. கணினி சித்தப்பா மகளையும் மாமா மகளையும் 'கசின்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. ஒஸ்லோக்காரருக்கு அது போதும். எனக்கு எப்படிப் போதுமாக இருந்தது? காணாமல் போனது தகப்பன், பெயரும் ஹாவ்கன், ஆகவே தகப்பன் வழி என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம்.

கடவுச்சொல்லைப் போட்டு டிஎன்ஏ தளத்தில் எஸ்பெனின் பக்கத்தைத் திறந்தேன். றூத்துக்கும் அவருக்கும் பொதுவான உறவினர் யார் என்று பார்த்தேன். முதல் பெயரே இங்கர். இங்கர், ஆர்னவின் தாயின் தங்கையுடைய பேத்தி. நீல்ஸின் இரத்தம் ஒரு சொட்டும் அவளுக்கு இல்லை. அவளுக்கும் றூத் உறவென்றால் றூத் தாய் வழி.

எஸ்பெனை அழைத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். கொட்டாவியோடு கேட்டவர் திடீரென்று விழித்துக்கொண்டார். "பாட்டிக்கு ஹரால்ட் என்று ஒரு தம்பி! அப்பா குழந்தையாக இருந்தபோது எங்கள் பண்ணையில்தான் வேலை செய்தார். அக்காவோடு கோபித்துக்கொண்டு அமெரிக்கா போனதாகச் சொல்வார்கள்."

"ஹரால்ட்தான் ஹாரியோ? அவருக்கு எப்படி உங்கள் பெயர் வந்தது?"

"பழைய ஆட்கள் எந்தப் பண்ணையில் இருந்தார்களோ அந்தப் பெயரைத்தான் வைத்துக்கொள்வார்கள். பண்ணை மாறினால் பெயரும் மாறும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை!"

றூத்துக்கு விளங்கப்படுத்தினேன். "அவருக்கு ஓர் அக்கா இருந்தாரா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் கட்டியிருந்த கையை அவிழ்த்து எங்களுக்கு இன்னொரு தேநீர் ஊற்றினான். அவன் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

"போட்டு வாறம் அன்ரி" என்று சுகந்தி தமிழிலேயே விடைபெற்றாள். றூத் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தார்.

பஸ் நிறுத்தத்தில் கடற்காற்று ஊசியாகக் குத்தியது. ஆர்னவுக்கு நானே சொல்கிறேன் என்று எஸ்பெனிடம் கேட்டு வாங்கியிருந்தேன். 2009 யுத்தத்துக்குப் பிறகு காணாமல் போனவர்களின் படத்தோடு காத்திருக்கும் எத்தனையோ வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். உண்மை தெரிந்தால் போதும் என்பார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். ஒரு மனிதரின் அரைவருடக் கசப்பைத் துடைக்கப் போகிறேன் என்ற பெருமையோடுதான் இலக்கத்தை அழுத்தினேன்.

"மாமா, அது உங்கள் அப்பா இல்லை. உங்கள் தாய்மாமன். அப்பா உங்களை விட்டுவிட்டுப் போகவில்லை."

லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்படியென்றால் அவர் அந்தக் கப்பலோடேயே போய்விட்டார்" என்றார்.

"ஓம் மாமா."

"நல்ல மனுசன். நான் அவரை ஒவ்வொரு நாளும் திட்டினேன்."

"உங்களுக்குத் தெரியாதுதானே."

"அதில்லை, பிள்ளை" என்றார். "வாழ்க்கையில் முதல் தடவையாக, திட்டுவதற்கென்றாவது எனக்கு ஓர் அப்பா இருந்தார்."