சூலூர்ப் பாறையும் என் முதல் வாசகமும்

சூலூருக்கு வந்த புதிதில் தேநீர்க் கடைப் பேச்சு எனக்கு விளங்கவே இல்லை. "அறுநூறு அடி போயும் வெறும் புழுதிதானுங்க" என்பார் ஒருவர். "எங்க தோட்டத்துல அரை இன்ச் கெடைச்சுதுங்க, அதுவே பெருசு" என்பார் இன்னொருவர். நம் கடற்கரையில் ஆழத்தைப் பாகத்தில், இரு கை விரித்த நீளத்தில், சொல்வோம். இத்தனை பாகத்தில் இன்ன மீன் என்று. இங்கே ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தை அடியில் சொல்கிறார்கள், அந்த ஆழத்தில் கிடைக்கும் தண்ணீரை இன்ச்சில் சொல்கிறார்கள். கண் எட்டுகிற தூரமெல்லாம் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, தண்ணீரை விரற்கடையால் அளக்கும் ஊர் புதினமாகத்தான் இருந்தது. ஊரில் இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். நானும் முதலில் சிரித்தவன்தான்.

எனக்கு பம்பு கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வேலை. தன் நிலத்தில் தண்ணீர் இல்லாத சனம், ஊர் உலகத்துக்கெல்லாம் தண்ணீர் இறைக்கும் எந்திரம் செய்து அனுப்புகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் இவர்கள் மேல் மதிப்பு கூடுகிறது. நான் குடியிருப்பது சென்னியப்பன் என்ற விவசாயியின் வீட்டுப் பின்னறையில். அவருக்கு வீட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் தோட்டம், கறவை மாடுகள், வற்றிப்போன கிணறு. அவர் மனைவி சரசக்கா. வாடகைக்கு வந்த முதல் நாளிலிருந்து என்னைத் 'தம்பி' என்றும், 'வாங்க, போங்க' என்றும்தான் அழைக்கிறார். நம் ஊர்ப் பழக்கத்தில் நான் வெறுமனே 'ஆமா' என்று சொன்னால், "கோவமுங்களா தம்பி?" என்று கேட்டுவிடுவார். இப்போது என் வாயிலும் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டது.

நான் வேலை விட்டு வந்ததும் நூலகப் புத்தகத்தோடு கட்டிலில் சாய்வது அக்காவுக்குப் பெரிய வியப்பு.

"ஏனுங்க தம்பி, படிச்சு முடிச்சுபோட்டுத்தான வேலைக்கு வந்தீங்க? இன்னும் எதுக்குங்க படிக்கிறீங்க?"

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எழுத்து அறிந்தவர் யாரும் இல்லை. அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். எங்கள் கோயிலில் பூசையின்போது பீடத்தின் அருகே நின்று வேதாகம வாசகம் வாசிப்பது வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளின் உரிமை போல இருந்தது. யாரும் தடுத்ததில்லை, ஆனால் எங்களை யாரும் கூப்பிட்டதும் இல்லை. கன்னியர் பள்ளியில் நான் எட்டாவது படிக்கும்போது, ஞாயிறு பூசையில் வாசிப்பவரோடு சேர்ந்து நானும் உதட்டை அசைப்பேன். அப்பா அதைக் கண்டு, "ஒனக்கு மட்டும் கேக்கிற மாதிரி என்னத்தலே முணுமுணுக்க?" என்பார்.

இங்கே எங்கள் பங்கு சின்னது. ஓட்டுக் கூரைக் கோயில், விரல்விட்டு எண்ணும் குடும்பங்கள். ஆள் குறைவான இடத்தில் யாருடைய பிள்ளை என்று கேட்பதில்லை. தவக்காலத்தில் ஒரு நாள் உபதேசியார், "வர்ற ஞாயிறு முதல் வாசகம் நீங்கதான்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். பாலைவனத்தில் தாகத்தால் முறுமுறுத்த சனத்துக்காக அவர்கள் தலைவர் கோலால் பாறையை அடிக்க, தண்ணீர் வந்த பகுதி அது. நான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக வாசித்துப் பழகினேன்.

இரண்டாம் நாள் அக்கா கதவைத் தட்டினார். "அந்தப் பாறைய அடிச்சாருங்களே, தண்ணி வந்துதுங்களா?"

"வந்துதுக்கா."

"எத்தன இன்ச்சுங்க?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நம் ஊரில் அந்தப் பகுதி ஓர் அற்புதம். இங்கேயோ பாறையை அடித்துத் தண்ணீர் எடுப்பது அன்றாடம் நடக்கும் காரியம். வருவதும் வராததும்தான் பிரச்சினை. அவர்கள் தோட்டத்திலும் அந்த வெள்ளிக்கிழமை போர் ஓட்ட, திருச்செங்கோட்டிலிருந்து ரிக் லாரி வருவதாக இருந்தது. முன்பு ஓட்டிய போர் பொய்த்துவிட்டது. இதுவும் பொய்த்தால் தோட்டத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு சென்னியப்பன் அண்ணன் விசைத்தறி வேலைக்குத்தான் போக வேண்டும்.

"வெள்ளிக்கிழம வெடியால நீங்க வந்து அதப் படிக்கோணுமுங்க" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் வராவிட்டால்? வேதத்தை நானே கொண்டுபோய்க் கேலிக்குக் கொடுத்தவன் ஆவேனே. "அக்கா, இது மந்திரம் இல்லைங்க" என்றேன்.

"மந்திரம்னு ஆருங்க சொன்னாங்க? மாரியம்மனுக்குச் சொல்லியாச்சு. புள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கப் போறோம். நம்மூட்டுல குடியிருக்கற உங்க சாமிக்கு மட்டும் சொல்லாம உட்டா நல்லாருக்குமுங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் அற்புதம் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வீடு வீடாகப் போய் அழைப்பது போல, எங்கள் ஆண்டவரையும் முறையாக அழைக்கிறார். ஒரு வீடு விட்டுப்போனாலும் மரியாதை கெட்டுவிடும் என்பது இந்தப் பக்கத்தின் வழக்கம். அழைத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பது எந்த விசுவாசத்தில் சேர்த்தி?

போனேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ரிக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு நின்றார்கள். சனங்கள் முறுமுறுத்த இடம் வந்தபோது அண்ணன் குறுக்கே பேசினார்.

"நில்லுங்க தம்பி. அவிக பேசுனது குத்தமுங்களா?"

"குத்தம்னுதான் பிரசங்கத்துல சொல்லுவாங்கண்ணா."

"புள்ளகுட்டி, மாடுகன்னு தண்ணியில்லாம நிக்குது. சாமிகிட்டக் கேக்காம வேற ஆருகிட்டக் கேப்பாங்க?"

நம் கோயிலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். முறுமுறுத்தவர்களுக்காக ஒருவர் பரிந்து பேசி நான் கேட்டது அன்றுதான்.

எந்திரம் கத்தத் தொடங்கியது. காலை முழுக்க வெள்ளைப் புழுதி. தென்னை ஓலையெல்லாம் மாவு பூசியது போல ஆனது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்றபடி, "ஏனுங்க தம்பி, அடிக்கிறதுக்குத் தடியக் கொண்டார மறந்துபோட்டீங்களாட்ட இருக்குதுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. அக்கா மட்டும், "சும்மா இருங்க மாமா, அவுரு படிக்கத்தான் வந்தாரு, தோண்டறதுக்கா வந்தாரு?" என்று மடக்கினார்.

உச்சி வெயிலில் புழுதி நிறம் மாறிச் சேறாக வந்தது. பிறகு தண்ணீர். ஆனால் அரை இன்ச்சுக்கும் குறைவு. மாட்டுக்கும் வீட்டுக்கும் போதும், தோட்டத்துக்குக் காணாது. அண்ணன் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். "சப்பத் தண்ணிதானுங்க, கொஞ்சம் கரிக்குது. ஆனாலும் மாடு பொழச்சுக்கும்" என்றார். மறு வாரமே அவர் விசைத்தறிக்குப் போனார். தோட்டத்தை விற்றுவிடச் சொன்னவர்களிடம், "ஐப்பசி வரைக்கும் பாக்கலாமுங்க" என்று ஒரே பதிலைச் சொன்னார். என் மேலோ என் புத்தகத்தின் மேலோ அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு நான் வாசித்தேன். முறுமுறுப்பு வந்த இடத்தில் குரல் தானாக உறுதிப்பட்டது. அந்தச் சனத்தின் கேள்வியை அண்ணனுக்காகக் கேட்பது போலவே கேட்டேன். மன்றாட்டில் உபதேசியார் சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன்: இந்த மண்ணுக்கு மழை வேண்டும்.

ஐப்பசியில் மழை வந்தது. வயிறு குளிரப் பெய்தது. மூன்றாம் நாள் அண்ணன் தறிக்குப் போகவில்லை. தோட்டத்தில் ஏர் ஓட்டிச் சோளம் விதைத்துவிட்டு, தொடைவரை சேறோடு சிரித்துக்கொண்டு வந்தார். அன்று மாலை வானொலியில் தென்கடலில் புயல் சின்னம், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். இங்கே பெய்கிற மேகம் அங்கிருந்துதான் புறப்பட்டு வருகிறது. அப்பா எச்சரிக்கைக்கு அடங்குகிறவர் அல்ல. அடங்கினாலோ வீட்டில் அடுப்பு எரியாது.

"இன்னும் ரெண்டு நாளைக்குப் பேஞ்சா போதுமுங்க தம்பி, பயிரு நின்னுக்கும். நீங்களும் கேளுங்க" என்றார் அக்கா.

"கேக்கறேங்க" என்றேன். ஓட்டுத் தாழ்வாரத்தில் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. பெய் என்றும் நில் என்றும் ஒரே வாயால் வேண்டியபடி, நான் அங்கேயே நின்றிருந்தேன்.