உள்ளே தள்ளி உட்காருங்கள்

எங்கள் ஆலயத்தின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலரில் ‘யாவரையும் அரவணைக்கும் சபை’ என்று ஆறு பக்கக் கட்டுரை இருக்கிறது. எழுதியவன் நான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் என்பதால் பொய்யைக்கூடப் பிழையில்லாமல் எழுத வரும்.

உண்மை வரலாறு வேறு. பழைய ஆலயத்தில் பாடகர் குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய பதினோரு குடும்பங்கள் வீம்புக்குக் கட்டியது இது. ஆளுக்கொரு பெஞ்சு செய்துகொடுத்து, பித்தளைத் தகட்டில் பெயரைப் பொறித்து அறைந்தார்கள். எங்கள் தாத்தாவின் பெஞ்சு பின்னாலிருந்து மூன்றாவது. மூன்று தலைமுறையாக அதன் நுனியை நாங்கள்தான் தேய்க்கிறோம். எங்கள் சபையில் எல்லோருமே நுனிதான். உள்ளே ஐந்து பேர் உட்காரும் இடம் சும்மா கிடக்கும். ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக டீக்குப் போக வேண்டுமே!

கண்டக்டரம்மாவைப் பற்றி மலரில் ஒரு வரி கிடையாது. டவுன் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் விசில் ஊதியவர். முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு, காலை டிரிப்பை முடித்து யூனிபாரத்தோடு வந்து எங்கள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “இது எங்க எடம்மா, பேரு போட்டிருக்கு பாருங்க” என்றேன். தகட்டைப் பார்த்தார், எழுந்தார். ஆராதனை முடியும்வரை தூணில் சாய்ந்து நின்றார். பதினோரு குடும்பத்தில் ஒரு ஜீவன் கூப்பிடவில்லை.

அடுத்த வாரமும் வந்தார். நானாக இருந்தால் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். அதைப்பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. தினம் ஆயிரம் முகம் பார்ப்பவருக்கு என் முகமா ஞாபகமிருக்கும் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

வேலை ஓய்ந்த மறுவாரமே ஆலய வாசலைப் பிடித்துக்கொண்டார். யாரும் நியமிக்கவில்லை. “உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடம் காலியா கெடக்கு” என்று டாக்டரின் சம்சாரத்தையும் சரி, டாக்டரையும் சரி, ஒரே மாதிரி நெட்டித் தள்ளுவார். புதிதாக ஒருவர் வந்தால் போதும், பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் விரித்துக் கையில் கொடுத்து, பேச்சுத்துணைக்கு ஆள் பார்த்து உட்காரவைத்துவிடுவார். இன்றைய பாடகர் குழுவில் பாதிப் பேர் அவர் தள்ளி உள்ளே விழுந்தவர்கள்தான்.

ஆண்டுவிழாவுக்குப் பேராயர் வருவதாக முடிவானதும் கமிட்டிக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது. வாசலில் பஸ் ஸ்டாண்டு சத்தமா? இனி ஒரே நிறப் புடவையில் மூன்று பெண்கள் நின்று புன்னகைப்பார்கள், நிரந்தரமாக. அதைச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

அவர் வீடு, மாடிப்படி ஏறினால் ஒற்றை அறை. ஆணியில் விசில் தொங்கியது. நான் சுற்றி வளைத்துச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“மத்த ஆறு நாளும் இங்க ரேடியோதான் சார் பேசும். அந்த வாசலும் போச்சுன்னா எனக்கு ஞாயித்துக்கிழமையும் இல்ல.”

விழா அன்றைக்கு மட்டும்தான் என்று மென்று விழுங்கினேன். “அதுக்கப்புறம்?” என்றார். நான் விசிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி, “இதையும் மலர்ல போட்டுடுங்க” என்றாள்.

விழா நாளில் அவரை முன்வரிசையில் ‘மரியாதையாக’ உட்காரவைத்தோம். பெண்கள் புன்னகைத்தார்கள். ஜனங்கள் வழக்கம்போல் நுனி நுனியாக அப்பிக்கொண்டார்கள். பேராயர் ஜெபத்தைத் தொடங்கியபோது கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். பெண்கள் அழகாகக் கையைக் காட்டினார்கள். யாரும் அசையவில்லை. பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தோம். ஆலயத்துக்குள் சொல்லக்கூடாத உவமைதான், வேறெதுவும் பொருந்தவில்லை. நான் முழங்காலை மட்டும் மடக்கி, வேண்டுமானால் நுழைந்து போ என்று காட்டினேன். குழந்தையோடு எப்படி நுழைவது? “வாங்க, போயிடலாம்” என்று அந்தப் பெண் கணவனிடம் முணுமுணுத்தாள்.

ஒற்றை விசில், நீளமாக.

பேராயர் “கர்த்தாவே” என்றதோடு நின்றார். ஒற்றை விசிலுக்கு நிற்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது, பாவம். கண்டக்டரம்மா நடைபாதையில் நேரே என்னிடம் வந்து நின்றார்.

“உள்ள தள்ளி உக்காருங்க சார்.”

தள்ளினேன். என் மனைவி தள்ளினாள். எங்களைப் பார்த்து முன்வரிசை, பின்வரிசை எல்லாம் தடதடவென்று உள்ளே தள்ளியது. தம்பதி உட்கார்ந்தார்கள். குழந்தை எங்கள் தாத்தாவின் பித்தளைப் பெயரில் வாயை வைத்து ஆசை தீரச் சப்பியது.

இரட்டை விசில். பேராயர் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் பேராயர் கமிட்டிச் செயலாளரிடம் கேட்ட முதல் கேள்வி, அந்த அம்மாவை ஏன் வாசலில் நிறுத்தவில்லை என்பதுதான். ஒரே நிறப் புடவைத் திட்டம் அங்கேயே முடிந்தது.

டீ மேசையருகே போய், கமிட்டி செய்தது தப்பு, நான் தூது வந்ததும் தப்பு என்று தடுமாறினேன். வெட்கமாக இருந்தது. அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சொன்னார்:

“கமிட்டிய விடுங்க சார். அன்னைக்கும் நீங்க இப்படிக் கொஞ்சம் தள்ளி உக்காந்திருந்தா போதும். முப்பது வருஷம் ஆயிடுச்சு.”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “அங்க பாருங்க, அந்தக் கொழந்தையோட அப்பா தனியா நிக்கிறாரு. போய்ப் பேசுங்க” என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். போனேன்.