போளூர் பஸ் நின்ற இடம்

சிமெண்டு கரைத்த ஈர வாசனை எங்கிருந்து வந்தாலும் என் கை பக்கத்தில் இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆரணி பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டிய அந்த வருடம் நான் மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்தேன்.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் பஸ்ஸை யாரும் தேடமாட்டார்கள். போளூர் பஸ் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிற்கும், வெம்பாக்கம் பஸ் சோடாக்கடைக்கு எதிரே நிற்கும். அங்கே போய் நின்றால் போதும். பஸ் வந்ததும் கம்பி இல்லாத கடைசி ஜன்னல் வழியாக ஒரு பிள்ளையை உள்ளே விட்டு "எடம் பிடிக்க" வைப்பது வழக்கம். ஒல்லியாக இருந்ததால் எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மாமா வீட்டு விசேஷத்துக்குப் போளூர் கிளம்பினோம். ஸ்டாண்டு முழுக்கப் பள்ளம், ஜல்லி, புழுதி. தண்ணீர்த் தொட்டி மட்டும் இன்னும் இடிபடாமல் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நிற்க, "ஜல்தி, ஜல்தி" என்று அப்பா என்னைத் தூக்கி ஜன்னலுக்குள் விட்டு, இரண்டு வயதுத் தம்பியையும் என் மடியில் இறக்கிவிட்டு, பெட்டியோடு நின்ற அம்மாவை அழைத்துவர ஓடினார். அவர் திரும்புவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

அம்மா ஏறியிருப்பாள் என்று கூட்டத்துக்குள் தேடினேன். இல்லை. தம்பி வீறிட்டு அழுதான். அவனைச் சேர்த்துப் பிடித்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. ஊர் தாண்டி வயல் தெரிந்த பிறகுதான் கண்டக்டர் எங்களிடம் வந்தார்.

"ஏம்மா, கூட யாரு வந்துகீறாங்க?"

"அப்பா... போளூர்..."

"அட பாவமே! இது வெம்பாக்கம் போற வண்டிம்மா!"

விசில் ஊதி வண்டியை நிறுத்தி, எதிரே ஆரணிக்கு வந்த பஸ்ஸைக் கைகாட்டி மறித்து, அந்தக் கண்டக்டரிடம் எங்களை ஒப்படைத்தார். அப்பாவும் அம்மாவும் வேறு பஸ் ஏறி எங்களைத் தேடிப் போயிருந்தால் என்ன செய்வது என்று வழி முழுக்க எனக்கு ஒரே பயம்.

அவர்கள் போகவில்லை. ஜல்லிக் குவியல் மேல் ஏறி நின்று அம்மா ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பிடுங்கி அணைத்துக்கொண்டாள். அப்பாவைத் திட்டித் தீர்த்தாள். கூடியிருந்தவர்களில் ஒருவர் வேறு அவரிடம் சண்டைக்கு வந்தார்.

"இன்னாய்யா ஆளு நீ? எடத்த மாத்திகினே இருக்கானுங்க, போர்டப் பாத்து ஏத்தக் கூடாதா? கொட்ட எழுத்துல வெம்பாக்கம்னு போட்டுகீது!"

தறியில் ஓர் இழை அறுந்தால் தொட்டே கண்டுபிடிக்கிற என் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா சட்டென்று அந்த மனிதர் பக்கம் திரும்பினாள்.

"அவுரு பாத்தாருங்க. புழுதியில தெரியல. உங்க வேலையப் பாத்துகினு போங்க."

அந்தக் குரலில்தான் எனக்குப் புரிந்தது. ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அம்மா ஏன் முந்திக்கொண்டு காகிதத்தை வாங்குவாள் என்பதும் சேர்ந்தே புரிந்தது. வாசிக்கத் தெரிந்த நானாவது போர்டை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். இன்றும் அது உறுத்துகிறது.

அதன் பிறகு அப்பா பஸ் ஏறும்போது என்னை முன்னால் விட்டார்; நான் ஏறினால் ஏறுவார். புது ஸ்டாண்டில் எந்தத் தூணருகே எந்த பஸ் நிற்கும் என்று அவருக்கு மனப்பாடமாக ஆறு மாதம் பிடித்தது.

போன வாரம் ஊருக்குப் போனேன். அந்த ஸ்டாண்டையும் இப்போது இடித்துவிட்டார்கள். தூண்கள் இல்லை, கடைகள் இல்லை. தற்காலிகமாக ஒரு மைதானத்தில், கிடைத்த இடத்தில் பஸ்கள் நிற்கின்றன. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. எந்த பஸ் எங்கே என்று தெரியாமல் ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, நல்லவேளை அவர் இல்லை என்று நினைத்துவிட்டேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்கு அழுகை நிற்கவில்லை.