பன்னிரண்டு டிக் வாங்கிய வாக்கியம்

அறுபதுகளில் அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் இங்கிலீஷ் இலக்கணம் ஓட்டெடுப்பில்தான் நடந்தது. மராமத்து ஆபீஸில் நான் அப்போது மஸ்டர் ரோலில் தினக்கூலி ஆள். என்றைக்கு வேண்டுமானாலும் வராதே என்று சொல்லலாம். கிளார்க் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம், கூடவே குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகுதான் பெண்ணையும் பேரனையும் கப்பலேற்றுவேன் என்று மாமனார் சிவகங்கையிலிருந்து எழுதிவிட்டார். நான் குடியிருந்த தகரக் கொட்டகையை யாரோ அவருக்கு அழகாக வர்ணித்திருக்கிறார்கள். மகனுக்கு எட்டு மாதம். நான் அவனைப் பார்த்தது போட்டோவில் மட்டும்.

பரீட்சைக்குப் படிக்க ஊருக்கே ஒரு புத்தகம். ‘சரியான வாக்கியத்தைத் தேர்ந்தெடு’ என்று பக்கம் பக்கமாகப் போகும். விடைகள் இருந்த கடைசித் தாள்களைக் கரையான் படித்து முடித்திருந்தது. அந்தப் புத்தகத்துக்கு ஒரு வழக்கமும் உண்டு. பாஸானவர் ராசி என்று அதைத் தானே வைத்துக்கொள்ளலாம். ஃபெயிலானவர் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். படிக்கும்போது தனக்குச் சரியென்று பட்ட வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு டிக்.

எங்கள் டைப்பிஸ்ட் அதை என்னிடம் கொடுத்தபோது வழியும் சொல்லிக்கொடுத்தார். “எதுக்கு டிக் ஜாஸ்தியோ அதைப் பிடிச்சுக்க தம்பி. பஸ், காம் கதம்; அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது.”

‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ என்பதற்குப் பன்னிரண்டு டிக். ‘ஹி கேம் எஸ்டர்டே’ அநாதையாகக் கிடந்தது. அநாதைதான் சரியென்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் தமிழர், தெலுங்கர், வங்காளி, மலையாளி என்று பன்னிரண்டு பேர் வேறெந்த விஷயத்திலும் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. தேச ஒற்றுமையைக் குலைக்க மனம் வராமல் பதிமூன்றாவது டிக்கைப் போட்டேன். எல்லா டிக்கையும் மனப்பாடம் செய்துகொண்டு போர்ட் பிளேர் போய் எழுதினேன். கை ஓரிடத்தில்கூடத் தயங்கவில்லை.

ஃபெயில்.

மறுநாளே ஸ்டோர் கீப்பர் வந்து நின்றார். எங்கள் ஜில்லாக்காரர், அடுத்த பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருந்தவர்.

“ஃபெயிலுன்னு கேள்விப்பட்டேன். பர்வா நஹி அண்ணே. கிதாபைக் குடுங்க.”

எடுத்து நீட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவராவது பாஸாகியிருந்தால் புத்தகம் அவர் பெட்டிக்குள் போயிருக்கும். இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறதென்றால், அதில் டிக் போட்ட அத்தனை பேரும் தோற்றவர்கள். இது விளங்க எனக்கு ஒரு பரீட்சை தேவைப்பட்டிருக்கிறது. என் மேலேயே ஆத்திரம் வந்தது. அவராவது பிழைக்கட்டும் என்று விவரத்தைச் சொன்னேன்.

அவர் டிக்குகளை விரலால் எண்ணினார். “பதிமூணு பேருமா கலத்து, எல்லாருமா தப்பு? என்ன அண்ணே பேசுறீங்க.”

என்னுடையதையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார்.

அடுத்த தடவை புத்தகமில்லாமல் எழுதிப் பாஸானேன். ஆர்டர் வந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்து, மாமனார் மனமிரங்கி, கப்பலில் இடமும் அமைவதற்குள் மகனுக்கு இரண்டரை வயது. போர்ட் பிளேர் துறைமுக ஜெட்டியில் கைக்குழந்தையை வாங்கிக்கொள்ளலாம் என்று ஏந்தப் பழகியிருந்த கைகளோடு நின்றேன். அவன் தாயின் விரலைப் பிடித்துத் தானே நடந்து இறங்கினான்.

“இது யாரும்மா?” என்றான்.

அவள் வாய் திறப்பதற்குள், “உன் அப்பாடா” என்று நானே சொல்லிவிட்டேன்.

அவன் நம்பவில்லை. நான் சொல்வது சரிதானா என்று சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். என் பிள்ளையேதான், சந்தேகமில்லை.